துபாசி நின்ற இடம்

பேத்தியின் பாவாடைக்கு அளவு கொடுக்கப் போன தையற்கடையில், பின்சுவர் ஆணியில் ஒரு சின்ன அங்கி தொங்கியது. சிவப்பு, கிளிப்பச்சை, மஞ்சள், ஊதா என்று பட்டை பட்டையாக இணைத்துத் தைத்தது. ஓரமெல்லாம் ஓவர்லாக் போட்டு, கழுத்தில் ஜரிகை வைத்து, கஞ்சி மொடமொடப்புக் குறையாமல் இருந்தது. "சண்டே ஸ்கூல் நாடகத்துக்கு சார். யோசேப்பு வேஷம்" என்றார் தையற்காரர். அளவெடுத்து முடிந்த பிறகும் எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் அந்த அங்கியை ஒரு தையற்காரர் தைத்ததில்லை, ஊரே தைத்தது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வாத்தியார் எங்களை வீடு வீடாக அனுப்புவார். சேலைக் கரை, ஜாக்கெட் வெட்டுத்துணி, கிழிந்த பாவாடையில் நைந்து போகாத பகுதி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கொடுப்பார்கள். பெரிய வீட்டு மதினி எல்லாவற்றையும் இணைத்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் கொடுப்பார். நாடகத்தன்று யோசேப்பு மேடைக்கு வந்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழும். "அந்தா, தோள்பட்டையில நீலம், அது நான் கல்யாணத்துக்கு உடுத்த சேலை." அடுத்த காட்சியில் அண்ணன்மார் அதே அங்கியைப் பாய்ச்சாயம் கரைத்த வாளியில் முக்கி, ஆட்டு இரத்தம் சொட்டச் சொட்ட எடுத்து அப்பாவிடம் கொண்டுபோவார்கள். தங்கள் துணி சாயத்தில் முங்குவதைப் பார்த்து அந்தப் பெண்கள் வாய்விட்டு அரற்றுவார்கள். அங்கி போயிற்று. அடுத்த வருஷத்துக்கு வேறு துணி கேட்டு நாங்கள் மறுபடி தெருத்தெருவாக நடப்போம்.

பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. வேப்பமரக் கிளையில் பெட்ரோமாக்ஸ். இரண்டு பையன்கள் கம்பளிக்குள் குனிந்து இஸ்மவேலரின் ஒட்டகமாக வருவார்கள். எனக்கு முதலில் ஒட்டகத்தின் பின்கால்தான் கிடைத்தது. பிறகு குரல் தெளிவாக இருக்கிறது என்று துபாசி வேஷத்துக்கு மாற்றினார்கள்.

துபாசியைப் பலருக்கு நினைவிருக்காது. ஆதியாகமத்தின் 42-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தில் வந்து போகிறவன், பெயரும் இல்லாதவன். பஞ்சத்தில் தானியம் வாங்க அண்ணன்மார் பத்துப்பேர் கானானிலிருந்து எகிப்துக்கு வந்து நிற்கிறார்கள். களஞ்சியத்தின் அதிபதியாக இருப்பவன், அவர்கள் விற்றுப்போட்ட தம்பி. அவனுக்கு இவர்களைத் தெரிகிறது. இவர்களுக்கு அவனைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? விற்றபோது அவனுக்கு 17 வயது. இப்போது எகிப்திய உடை, கையில் பார்வோனின் முத்திரை மோதிரம், சாப்நாத்பன்னேயா என்று பார்வோன் வைத்த பெயர், ஆஸ்நாத் என்ற எகிப்தியப் பெண் மனைவி. எல்லாவற்றுக்கும் மேலே, இடையில் ஒரு துபாசி. அவன் எபிரெய மொழி அறியாதவன் என்றே அண்ணன்மார் நினைக்கிறார்கள்.

எகிப்து பாஷைக்கு எங்கள் வாத்தியார் தமிழ் வசனத்தைப் பின்னாலிருந்து முன்னாலே எழுதிக் கொடுத்திருந்தார். யோசேப்பு அதை அதட்டலாகச் சொல்வார். நான் அதைத் தமிழில் அண்ணன்மாருக்குச் சொல்ல வேண்டும், அவர்களை வேவுகாரர் என்று குற்றம் சாட்ட வேண்டும். மூன்று நாள் காவலுக்குப் பிறகு, ஒருவன் இங்கே இருக்கட்டும், மற்றவர்கள் போய் இளைய தம்பியைக் கூட்டி வாருங்கள் என்று உத்தரவாகும். அப்போதுதான் அண்ணன்மார் தங்களுக்குள்ளே பேசத் தொடங்குவார்கள். அன்றைக்கு அவன் கெஞ்சினானே, அவன் தவித்ததைப் பார்த்தும் கேளாமல் இருந்தோமே, அதுதான் இன்றைக்கு நம்மைச் சுற்றி வந்திருக்கிறது என்பார்கள். நான் அப்போதே சொன்னேனே என்று ரூபன் குமுறுவான். பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்கு இதெல்லாம் புரியாது என்பது அவர்கள் எண்ணம்.

அந்த இடத்தில் யோசேப்பு சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி அழ வேண்டும். ஒத்திகையில் வாத்தியார் அதற்கு மட்டும் பல நாள் எடுத்துக்கொண்டார். "முகம் யாருக்கும் தெரியாதுலே. முதுகு அழணும்" என்பார். யோசேப்பாக நடித்த அண்ணன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். தங்கத்தாள் ஒட்டிய கிரீடம், கண்ணுக்கு மை. பெட்ரோமாக்ஸ் சூட்டில் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருக்கும். அவர் திரும்பியதும் எனக்கு நேர் எதிரே, கைநீட்டும் தூரத்தில் அந்த முகம் நிற்கும். கீழுதட்டைக் கடித்து, கண்ணை இறுக மூடி, மூக்கால் மூச்சை இழுத்து விடுவார். அவர் தோளுக்கு அந்தப்பக்கம் அண்ணன்மார் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பது தெரியும். அங்கிருந்த அத்தனை பேரிலும் இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்கும்படி நின்றவன் நான் ஒருவன்தான். இந்தக் கதையை இன்றுவரை நான் அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் வாசிக்கிறேன்.

வளர்ந்த பிறகு நிதானமாக வாசித்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. யோசேப்பை விற்கும் 37-ஆம் அதிகாரத்தில், அண்ணன்மார் கையில் சிக்கிய பிறகு அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. எபிரோனிலிருந்து சீகேமுக்கு, அண்ணன்மார் நலமா என்று பார்த்துவர அப்பா அனுப்புகிறார். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நடை. அங்கே அவர்கள் இல்லை. வெளியில் வழி தெரியாமல் திரிந்தவனை யாரோ ஒரு மனிதன் பார்த்து, தோத்தானுக்குப் போனார்கள் என்று சொல்ல, அதற்கும் நடந்து போகிறான். அங்கியைக் கழற்றுகிறார்கள், தண்ணீரில்லாத குழியில் போடுகிறார்கள், பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கீலேயாத்திலிருந்து வாசனைச் சரக்கு ஏற்றி வந்த வணிகரிடம் 20 வெள்ளிக்காசுக்கு விலை பேசி முடிகிறது. குழிக்குள் இருந்தவன் அழுதானா, கூப்பிட்டானா என்று ஒரு வரி இல்லை. அவன் கெஞ்சினான் என்பது ஐந்து அதிகாரம் தள்ளி, அவனை விற்றவர்களின் வாயிலிருந்து, அவன் காதில் விழும்படியாகத்தான் நமக்குத் தெரிகிறது. அத்தனை வருஷமாக அந்தக் கூப்பாடு அவர்களுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது அவனுக்குத் தெரியவந்த நிமிஷத்தில்தான் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதை எழுதியவர் எவரோ, மனித மனத்தை இவ்வளவு அறிந்தவரை நான் அதிகம் வாசித்ததில்லை.

எங்கள் ஆச்சிக்கு இந்தக் கதையில் தீராத ஒரு வழக்கு இருந்தது. வருஷா வருஷம் நாடகம் முடிந்து திரும்பும்போது அதை உபதேசியாரிடம் எடுப்பாள். "அதிகாரம் வந்தாச்சு, ரதம் குடுத்தாச்சு, ஊரே முழங்கால் போடுது. அப்பன் அங்கன இரட்டுடுத்தி அழுதுகிட்டு இருக்கான். ஒரு ஆள் விட்டுச் சொன்னா என்ன?" உபதேசியார், எல்லாம் தேவதிட்டம் ஆச்சி என்பார். "திட்டம் சரி. கடுதாசி போட வேண்டாம்னா திட்டத்துல இருக்கு?"

ஆச்சியின் கேள்விக்கு வேர் வேதாகமத்தில் மட்டும் இல்லை. அவளுடைய தம்பி இளவயதில் கொழும்புக்குப் போனவர். கிணற்றுப் பங்கில் மூத்தவரோடு தகராறு, கைநீட்டல் வரை போய், ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்காரர்கள் பலர் புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்கு இருந்தார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போக்குவரத்து வைத்திருந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் எப்போதாவது வருவார். அவர் வாயால்தான் தம்பி உயிரோடு இருக்கிறார், கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் தெரியும். ஆச்சி அவருக்குச் சோறு போட்டுவிட்டு, தம்பி என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்பாள். அவரும் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொல்வார். ஒரு கடிதம் வந்ததில்லை. இங்கிருந்தும் போனதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு கோடையில் யாரோ ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, தோல்பை. தேரிப்பக்கம் மனை பார்க்க வந்தேன், தாகமாக இருக்கிறது என்றார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். மனை பார்க்க வந்தவர் மனையைப் பற்றிக் கேட்டது கொஞ்சம். "பெரியவர் இருக்காரா? கிணறு இன்னும் இறவைக்கு ஓடுதா? இந்த வீட்டுல புளியமரம் ஒண்ணு இருந்ததாமே?" ஆச்சி தூணோரம் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பெரியவர் காலமாகி வருஷங்கள் ஆயிற்று என்றபோது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு எழுந்து, போய்ட்டு வாரேன் என்று கும்பிட்டுப் போய்விட்டார். தெருமுனை திரும்பும்வரை ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வந்து சொன்னாள்: "அந்தக் காது மடலு எங்க அய்யாவுக்குள்ளது. தம்பி மகன்தான்." நாங்கள் ஓடிப்போய்க் கூட்டி வருகிறோம் என்று எழுந்தோம். வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். "அவனே யாருன்னு சொல்லலையே. நான் எப்படிச் சொல்ல?"

அவள் அதன்பிறகு அந்தக் கேள்வியை உபதேசியாரிடம் கேட்கவே இல்லை.

படித்து, வேலைக்குப் போய், கையில் புத்தகம் வாங்கக் காசு வந்த பிறகுதான் தெரிந்தது, ஆச்சியின் வழக்கு சாதாரண வழக்கு அல்ல என்று. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூத அறிஞர் ராம்பான், நாக்மனிதிஸ் என்று உலகம் அறிந்தவர், தம் உரையில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எகிப்திலிருந்து எபிரோனுக்கு ஆறு நாள் நடைதானே, துக்கத்தில் கிடக்கும் தகப்பனுக்கு யோசேப்பு ஏன் ஓர் ஆளை அனுப்பவில்லை? கணக்கைப் பார்த்தால் கேள்வி இன்னும் கனக்கிறது. 30 வயதில் அதிபதியானவன், செழிப்பான ஏழு வருஷமும் பஞ்சத்தில் இரண்டு வருஷமும் வாய் திறக்கவில்லை. பிரிந்து மொத்தம் 22 வருஷம். யோசேப்பு சிறுவயதில் கண்ட கனவுகள் நிறைவேறக் காத்திருந்தான் என்பது ராம்பான் சொல்லும் விடை. எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆச்சிக்கும் இருந்திருக்காது.

நம் காலத்து இஸ்ரேலிய ரபி யோவேல் பின் நூன் சொல்லும் விடை வேறு. அதை முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசேப்புக்கு அங்கியும் ஆட்டு இரத்தமும் தெரியாது அல்லவா? தான் செத்துப்போனதாக அப்பாவிடம் காட்டினார்கள் என்பதை அவனுக்கு யார் சொல்வது? அவன் அறிந்தது இவ்வளவுதான்: அண்ணன்மாரிடம் போகச் சொன்னவர் அப்பா, அங்கே போனதும் குழியில் விழுந்தான், அதன்பிறகு தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொன்றை வெளியே அனுப்புவது புதிதும் அல்ல. ஆபிரகாம் இஸ்மவேலை அனுப்பினார். ஈசாக்கின் ஆசீர்வாதம் ஏசாவை விட்டுப் போயிற்று. தன்னையும் அப்பா தள்ளிவிட்டார் போலும் என்றே அவன் எண்ணியிருக்கலாம் என்கிறார் பின் நூன். முதல் பிள்ளை பிறந்தபோது, தகப்பன் வீட்டைத் தேவன் மறக்கப் பண்ணினார் என்று சொல்லி அவன் மனாசே என்று பெயரிட்டதை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் நெஞ்சு அடைக்கிறது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. நான் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன், காரணம் யூதாவின் பேச்சு. அதிபதியின் வெள்ளிப் பாத்திரம், அண்ணன்மார் கூட்டி வந்த இளைய தம்பி பென்யமீனின் சாக்கில் கிடைத்துவிட்டது. திருடியவன் இங்கே அடிமை, மற்றவர்கள் போகலாம் என்கிறான் அதிபதி. ஒரு காலத்தில் தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா கிட்டே வந்து, ஆதியாகமத்தின் மிக நீண்ட பேச்சுகளில் ஒன்றைப் பேசுகிறான். வாதம் என்று அதில் பெரிதாக இல்லை. அப்பாவைப் பற்றியே பேசுகிறான். அந்தக் கிழவருக்கு ஒரு மனைவியிடம் இரண்டு பிள்ளைகள், ஒருவன் காணாமல் போனான், மிருகம் பீறிப்போட்டது என்றே அவர் இன்றும் நம்புகிறார், இவனும் போனால் செத்துப்போவார், இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன். மிருகம் பீறியது என்று அப்பா நம்பினார் என்ற செய்தி, 22 வருஷத்தில் முதல்முறையாக, அப்போதுதான் யோசேப்பின் காதில் விழுகிறது. அப்பா தள்ளவில்லை. அப்பாவும் ஏமாற்றப்பட்டவர். அடுத்த வரியில் அவனால் அடக்க முடியவில்லை. எகிப்தியர் எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறான். துபாசியும் போகிறான். கூடத்துக்கு வெளியே வரை கேட்கும்படி ஓலமிட்டு, அவர்கள் மொழியிலேயே தான் யாரென்று சொல்லி, அதே மூச்சில் அப்பா உயிரோடிருக்கிறாரா என்று கேட்கிறான்.

எங்கள் நாடகத்தில் அந்த இடத்தில் நான் மேடையை விட்டு இறங்கிவிடுவேன். திரைக்குப் பின்னாலிருந்துதான் அந்த ஓலத்தைக் கேட்டிருக்கிறேன்.

மேலப்பாளையத்தில் கூட வேலை பார்த்த நண்பர் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்கப் போவதுண்டு. அவர் உம்மா யூசுபு நபி கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், யோசேப்புதான் அங்கே யூசுபு. குர்ஆனின் 12-ஆவது அத்தியாயம் முழுக்க அவர் கதைதான். அதில் தகப்பனார் யஃகூபு நபி, ஓநாய் தின்றது என்ற பேச்சை ஆரம்பத்திலேயே நம்புவதில்லை. அழுதழுது கண் வெளுத்துப் போகிறது. கடைசியில் மகனின் சட்டையைக் கொண்டுவந்து முகத்தில் போட்டதும் பார்வை திரும்புகிறது. சட்டை வந்து சேருமுன்பே, தூரத்திலேயே, அவருக்கு மகன் வாசம் தெரிந்துவிடுமாம். உம்மா அந்த இடத்தில் தன் முந்தானையை முகத்தருகே கொண்டுபோய்க் காட்டுவார். பொய்ச் சாட்சி சொன்ன அதே மாதிரி ஒரு சட்டை கண்ணைக் கொடுக்கவும் வருகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டிருந்தால், வாளிக்குள் போன துணிக்காக அவ்வளவு அரற்றியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வாத்தியார் நாடகத்தை, யோசேப்பும் பென்யமீனும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதோடு முடிப்பார். அப்பாவை ஏற்றிவர வண்டிகள் போவதாக ஓர் அறிவிப்பு, பிறகு மங்களம். சபை எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்துவிடும். ஆனால் வேதாகமம் அங்கே முடியவில்லை. அப்பா யாக்கோபு 130 வயதில் எகிப்துக்கு வருகிறார். இன்னும் 17 வருஷம் கோசேன் நாட்டில் வாழ்கிறார். யோசேப்பு அவர் மடியில் வளர்ந்ததும் 17 வருஷம்தான். அவர் இறந்து, உடலை எபிரோன் பக்கத்துக் குகையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும், அண்ணன்மாருக்குப் பழைய பயம் எழும்புகிறது. அப்பா இருந்தவரை பொறுத்தான், இனிப் பழி வாங்குவான் என்று நினைக்கிறார்கள். ஒரே நாட்டில், ஒரே மொழி பேசி, 17 வருஷம் அவன் போட்ட சோற்றைத் தின்றவர்கள். இருந்தும் நேரே போய்க் கேட்க வாய் வரவில்லை. இடையில் ஓர் ஆளை அனுப்புகிறார்கள். அண்ணன்மாரை மன்னிக்கும்படி அப்பா சாகுமுன் சொல்லிப் போனார் என்று அந்த ஆள் வாயால் சொல்ல வைக்கிறார்கள். அப்பா அப்படிச் சொன்னதாக அதற்கு முன் எங்கும் எழுதியில்லை.

சின்ன வயதில் அந்த நடுவாள் வேஷத்தில் நின்றவன் என்பதாலோ, ஆச்சி அந்தக் கருவாட்டு வியாபாரியின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டவன் என்பதாலோ, இந்த அதிகாரத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. கட்டிப்பிடித்து அழுத நாளோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யோசேப்பு நம்பியிருந்தான். அவர்கள் நம்பவில்லை என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. வந்த ஆள் சொல்லச் சொல்ல அவன் அழுகிறான். பிறகு அண்ணன்மாரே நேரில் வந்து, நாங்கள் உனக்கு அடிமைகள் என்று தரையில் விழுகிறார்கள். அவன் அதை ஏற்கவில்லை. பயப்படாதிருங்கள், உங்களையும் உங்கள் குழந்தைகளையும் நானே பராமரிப்பேன் என்று அவர்களிடம் தானே பேசுகிறான், அவர்கள் மனம் ஆறும்வரை பேசுகிறான். அவனுக்கு வாழ்நாள் 110 வருஷம். அண்ணன்மாரும் அவர்கள் பிள்ளைகளும் அவன் பக்கத்திலேயே எகிப்தில் குடியிருந்தார்கள்.